பதுங்கும் பறவையும் பாயும் ஒளியும்

வடலூரைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளில் விடிந்ததும் கேட்கும் குரல்களில் கௌதாரியினுடையது முக்கியமானது. ஒரு தோப்பில் ஒன்று உரக்கக் கூப்பிடும். பக்கத்துத் தோப்பிலிருந்து மற்றொன்று பதில் கொடுக்கும். குரல் வந்த திசையில் நடந்து போனால் பறவை அங்கே இருக்காது. புதருக்குள் ஓடி மறைந்திருக்கும், அல்லது காலடியிலிருந்தே படபடவென்று கிளம்பி நம்மைத் திடுக்கிட வைத்துவிட்டுப் போகும். முந்திரி மரமோ கிளைகளைத் தரைவரை தாழ்த்திப் பரப்புவது. அதன் அடியில் நண்பகலிலும் அரையிருட்டுதான். செம்மண்ணிலும் சருகிலும் கௌதாரியின் நிறம் கரைந்துவிடுகிறது. இந்த நிலையில் படமெடுக்கப் போகிறவரின் கை தானாகவே ஃபிளாஷைத் தேடும்.

தேடலாமா என்பதுதான் கேள்வி. கௌதாரி, காடை, கண்கிலேடி, பக்கி, ஆள்காட்டி, குளிர்காலத்தில் வந்து சருகு கிளறும் ஆறுமணிக்குருவி என்று தரையை நம்பி வாழும் கூச்சப் பறவைகள்மீது ஒளியைப் பாய்ச்சிப் படமெடுப்பது சரியா? இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ‘ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் அடிக்கும் வெளிச்சம், மின்னலைப் பார்க்காத பறவையா?’ என்பது ஒரு கட்சி. ‘கண் குருடாகிவிடும், பாவம்’ என்பது மற்றது. இரண்டுமே கேள்வியைத் தவறான இடத்தில் வைத்துப் பேசுகின்றன என்பது என் கருத்து. பறவைக்கு வரும் கேட்டில் பெரும்பங்கு ஒளியால் வருவதில்லை. ஒளியை ஏந்திக்கொண்டு நெருங்கும் மனிதனால் வருகிறது. ஒளியே கேடாகும் இடங்களும் இருக்கின்றன. அவை எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேமராவுக்கு முன்பே வேட்டைக்காரனுக்கு இந்த ஒளி தெரியும். வட அமெரிக்காவில் ஓஜிப்வே மக்கள் இரவில் படகின் முனையில் தீ வளர்த்துக்கொண்டு ஏரிக்கரை ஓரமாகச் செல்வார்கள். தண்ணீர் குடிக்க வந்த மான் வெளிச்சத்தைப் பார்த்து அசையாமல் நிற்கும், அம்பு பாயும். ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் இந்த முறையைக் கற்று, மிச்சிகன் மாநிலத்து வைட்ஃபிஷ் ஏரியில் துப்பாக்கிக்குப் பதில் கேமராவை வைத்தார். மெக்னீசியப் பொடி வெடித்து எரியும் வெளிச்சத்தில் எடுத்தவை உட்பட அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. இந்தியாவில் அதே வழியில் சென்றவர் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன். புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் ஃபிளாஷும் கேமராவும் இயங்கும்படி செய்தார். 1927இல் வந்த அவருடைய நூல், சுடாமலேயே புலியை வீட்டுக்குக் கொண்டுவர முடியும் என்று அன்றைய வேட்டைச் சமூகத்துக்குக் காட்டியது. இங்கிலாந்தில் எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டருகே இரவில் படமெடுக்கப் போய், தாய் ஆந்தையின் நகம் பட்டு ஒரு கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் பறவைப் படக்கலையை விடாமல், மின்னணு ஃபிளாஷை முதலில் கையாண்டவர்களில் ஒருவரானார். அந்த ஆந்தையின் பக்கத்து நியாயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் பக்கத்துப் புன்செய்க் காடுகளிலும் லைட் போட்டு வேட்டையாடும் பழக்கம் பழையது. நெற்றியில் பேட்டரி விளக்கு, கையில் வலை. முயலும் காடையும் வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் அந்த ஓரிரு நொடிதான் வேட்டைக்காரனின் மூலதனம். இன்றைய படக்காரர்கள் பலருக்கும் அதே நொடிதான் மூலதனம். அதை ஒப்புக்கொண்டால் விவாதம் நேர்மையாக நடக்கும்.

ஒளியால் பிடிபட்ட தரைப்பறவைகளில் புகழ்பெற்றது ஜெர்டன் கல்குருவி. நம் எல்லையைத் தாண்டி ஆந்திராவின் கடப்பை மாவட்டத்துப் புதர்க்காட்டில் வாழும் இது இரவில் இயங்குவது. 1848இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, 1900இல் கடைசியாகப் பதிவாகி, பிறகு அழிந்தே போனதாகக் கருதப்பட்டது. 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் அதை மீண்டும் கண்டறிந்தார். உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் டார்ச் வெளிச்சத்தில் கையால் பிடித்துக் கொடுத்த பறவை அது. 86 ஆண்டு காணாமல் போயிருந்த பறவை உயிரோடு கிடைத்தது. சில நாட்களில் இறந்தும் போனது. பிடித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பே இல்லை. அந்த வாழிடம் லங்கமல்லேஸ்வரா சரணாலயமானதும் அதன் விளைவே. ஆனால் அடுத்த கட்ட ஆய்வுக்குப் பறவையைத் தொடாத வழி தேவைப்பட்டது.

அந்த வழியை வகுத்தவர்களில் ஒருவர், தமிழில் காட்டுயிர் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் ப. ஜெகநாதன். அவரும் உடன் ஆய்வாளர்களும் செய்தது இதுதான். புதர்களுக்கு நடுவே நுண்மண்ணைப் பரப்பித் தடப் பட்டைகள் அமைத்தார்கள். இரவில் நடந்து போன பறவையின் காலடி காலையில் அதில் பதிந்திருக்கும். கல்குருவிக்குப் பின்விரல் கிடையாது, முன்விரல் மூன்றுதான். ஆனால் கண்கிலேடிக்கும் அப்படியே. ஆகவே தடத்தின் அளவையும் வடிவத்தையும் நுணுகிப் பார்க்க வேண்டும். ஐயத்தைத் தீர்க்கத் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். பறவை தானாக நடந்து வரும்போது ஃபிளாஷ் ஒருமுறை மின்னும், படம் பதிவாகும். சுற்றிலும் மனிதர் இருக்கமாட்டார். இந்த முறைகளை விளக்கும் கட்டுரை 2002இல் ஆரிக்ஸ் ஆய்விதழில் வந்தது.

இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது படத்தைவிட மண்தான். வெளிச்சமே இல்லாமல் பறவையின் இருப்பைப் பதிவு செய்துவிட்டது. இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த புதர்கள் எக்டேருக்கு 300 முதல் 700 வரை உள்ள இடத்தையே இந்தப் பறவை விரும்புகிறது என்று பின்னர் தெரிந்ததற்கும் இத்தகைய தடங்களே அடிப்படை. அதாவது அடர்ந்த காடும் வேண்டாம், வெட்டவெளியும் வேண்டாம். தெலுங்கு கங்கைக் கால்வாய் அதன் வாழிடத்தை ஊடுருவ வந்தபோது கால்வாயின் தடத்தை மாற்றக் கோர முடிந்ததற்கும் கையில் சான்று இருந்ததே காரணம். அந்தக் கேமராவின் ஃபிளாஷை நான் நியாயப்படுத்துவேன். எதற்காகப் படம் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இருந்தது.

நம் கையிலுள்ள ஃபிளாஷுக்கு வருவோம். ஃபிலிம் காலத்தில் அதற்கு ஒரு கட்டாயம் இருந்தது. நல்ல வண்ணம் வேண்டுமானால் ஐஎஸ்ஓ 64 ஃபிலிம். மரநிழலில் அது போதவே போதாது. இன்று ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த படம் சாதாரணமாக அச்சேறுகிறது. ஒளி உணர்வில் இது நூறு மடங்கு. முந்திரித் தோப்பின் காலை நிழலில் 400 மி.மீ. லென்ஸோடு கௌதாரியை எடுக்க ஃபிளாஷ் தேவையில்லாத காலம் வந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்னும் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. வெயில் புள்ளி புள்ளியாக விழும் நிழலில் பறவையின் முகம் கறுத்து, முதுகில் மட்டும் வெள்ளைத் திட்டு விழும். அப்போது பகல் வெளிச்சத்தோடு கொஞ்சம் ஃபிளாஷ் கலந்தால் கண்ணில் உயிர் வரும். இதற்கு முழு வலிமை வேண்டாம். கணக்கு எளிது. வழிகாட்டி எண் 40 உள்ள ஃபிளாஷ், ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 5.6 என்றால் ஏறத்தாழ 7 மீட்டர் வரை எட்டும். ஐஎஸ்ஓ 1600 என்று வைத்தால் அதே ஃபிளாஷ் 28 மீட்டர் எட்டும். அல்லது அந்த 7 மீட்டரிலேயே பதினாறில் ஒரு பங்கு வலிமை போதும். வலிமை குறையும்போது மின்னும் நேரமும் குறைகிறது. தூரம் இரட்டித்தால் பறவைமீது விழும் ஒளி நாலில் ஒன்றாகிவிடுகிறது. எனவே தள்ளி நின்று, ஐஎஸ்ஓவை ஏற்றி, ஃபிளாஷைத் தாழ்த்தி வைப்பதே பறவைக்கும் படத்துக்கும் நல்லது.

ஃபிளாஷைத் தானியங்கி அளவீட்டில் விட்டால் முதலில் ஒரு சிறு மின்னல் அடித்து அளவு பார்க்கும், பிறகுதான் முக்கிய ஒளி. அந்த முதல் மின்னலுக்கே பறவை இமைத்துவிடும், உடம்பை ஒடுக்கிவிடும். ‘எப்போதும் கண்ணை மூடியே படம் வருகிறது’ என்று குறைபடுகிறவர்கள் அளவைக் கையால் வைத்தால் குறை தீரும், பறவைக்கு ஓர் ஒளியும் மிச்சம். இன்னொரு முரண்: இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் ஓசையே இல்லாத மின்னணு ஷட்டர் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் அதோடு ஃபிளாஷ் வேலை செய்யாது. ஒளி வேண்டுமா, ஓசையின்மை வேண்டுமா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மேற்கிந்தியத் தீவுகளின் அனோல் பல்லிகளை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபிளாஷ் ஒளியைவிட ஷட்டர் ஓசையே அவற்றின் நடத்தையைக் கூடுதலாகப் பாதித்ததாகத் தெரிந்தது. கடற்குதிரை போன்ற கடலடி மீன்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. ஃபிளாஷால் கண்ணில் சிதைவு காணப்படவில்லை; படத்துக்காக மனிதர் தொட்டு நகர்த்தியதே மீன்களை அதிகம் அலைக்கழித்தது. பல்லியும் மீனும் கௌதாரி அல்ல. தரைப்பறவைகளிடம் இப்படி அளந்து பார்த்த ஆய்வுகள் சொற்பம். ஆனாலும் களத்தில் கண்ணால் காண்பதோடு இது ஒத்துப்போகிறது. பகலில் இரை பொறுக்கும் ஆள்காட்டி பதினைந்து மீட்டரிலிருந்து மின்னும் மெல்லிய ஃபிளாஷைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நீங்கள் ஓர் அடி முன்னே வைத்தால் ஊரையே கூட்டிவிடும்.

இரவில் கதை வேறு. பக்கியின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. டார்ச் பட்டால் கனல்போல் சிவந்து தெரிவது அதனால்தான். கண்கிலேடியின் பெரிய மஞ்சள் கண்ணும் மங்கிய ஒளியில் மேய்வதற்கென்றே அமைந்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் கடும் ஒளி விழுந்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். நம் கண்ணுக்கே முழுதாக மீள அரைமணி நேரம் ஆகிறது. பூச்சியைத் துரத்திப் பிடித்து வாழும் பறவைக்கு இரவின் முற்பகுதியும் விடியலுக்கு முந்தைய நேரமுமே சாப்பாட்டு வேளை. அதில் ஒரு பகுதி போனால் போனதுதான். கண் நிரந்தரமாகக் கெட்டுப்போகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் தற்காலிகக் குருடும் இரவில் குருடுதான். பார்வை தெளியாமல் எழுந்து பறக்கும் பறவைக்கு எதிரே முள்ளும் மின்கம்பியும் இருக்கின்றன. கௌதாரிகள் இரவில் முள்மரங்களில் கூட்டமாக அடைபவை. அவற்றை எழுப்பினால் சிதறிப் பறக்கும்; மீண்டும் ஒன்றுசேர விடிய வேண்டும்.

இங்கேதான் பெரிய தவறான புரிதல் நடக்கிறது. ‘பக்கி அசையவே இல்லை, பத்துப் படம் எடுத்தேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பார்கள். அசையாமல் இருப்பது பக்கியின் நிம்மதி அல்ல, அதன் கவசம். இறகின் நிறம், தரையோடு ஒட்டிய உடல், பாதி மூடிய கண் எல்லாமே, அசையாவிட்டால் எதிரி கடந்து போய்விடுவான் என்ற ஒரே உத்தியின் உறுப்புகள். கண்கிலேடியும் கழுத்தை நீட்டித் தரையில் படுத்துவிடும். அப்படிப் பதுங்கிய பறவை உள்ளுக்குள் ஓடத் தயாராக இருக்கிறது. நாம் காண்பது அதன் அச்சத்தின் உச்சத்தை. அதைத்தான் ‘நன்றாக ஒத்துழைத்தது’ என்று எழுதுகிறோம். மரத்தில் இருக்கும் பறவை பிடிக்காவிட்டால் பறந்துவிடும். தரைப்பறவை தாங்கிக்கொண்டு கிடக்கும். எனவே, பறந்து போகவில்லையே என்ற அளவுகோல் தரைப்பறவைக்குப் பொருந்தாது.

கூடு என்றால் பேச்சே இல்லை. கோடையில்தான் இவற்றில் பலவும் முட்டையிடுகின்றன. முந்திரிக்கொட்டை பொறுக்க ஆட்கள் தோப்பெங்கும் நடமாடும் காலமும் அதுவே. பக்கி கூடே கட்டாமல் வெறுந்தரையில் இரண்டு முட்டை இடும். ஆள்காட்டி கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு இடும். கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் தாய்ப்பறவை முட்டைமேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. ஆள்காட்டி வயிற்று இறகை நீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. படக்காரர் கூட்டருகே ஒரு மணி நேரம் நின்றால் முட்டைக்குள் இருப்பது வெந்துவிடும். காகம் வேறு மனிதர் எங்கே குனிகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். நாயும் கீரியும் நம் தடத்தை மோந்து வரும். இதில் ஃபிளாஷ் அடித்தாரா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதை ‘வேட்டை’ என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி பெற வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. தோப்பும் புறம்போக்கும் சரணாலயம் அல்ல. ஆனால் கூட்டைக் கலைக்கக் கூடாது என்ற விதிக்கு எல்லை கிடையாது.

வடலூரை அடுத்த நெய்வேலிப் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுரங்கத்துக்காகத் தோண்டிய மண் மலைபோல் குவிந்து, பல மேடுகளில் மரம் நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். சுரங்கத்தின் மின்விளக்குகளும் ஆலைகளின் ஒளியும் இரவு முழுக்க அடிவானத்தை வெளுப்பாகவே வைத்திருக்கின்றன. சாலை விளக்கில் கூடும் பூச்சிக்காகத் தார்ச்சாலையில் உட்காரும் பக்கி லாரிச் சக்கரத்தில் நசுங்குகிறது. ஃபிளாஷைவிட இந்த ஓயாத வெளிச்சம் பெரிய விஷயம் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அதை அணைப்பது நம் கையில் இல்லை, ஃபிளாஷ் நம் கையில் இருக்கிறது.

நெருங்காமல் எடுக்கும் வழிகள் இல்லாமலில்லை. கார் நல்ல மறைவிடம். நடந்து வரும் மனிதனைக் கண்டு ஓடும் கௌதாரி, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்த வண்டியைக் கண்டுகொள்ளாது. விடியலில் புழுதிக் குளியலுக்கு வண்டிப்பாதைக்கே குடும்பத்தோடு வரும். உத்தராகண்டின் சத்தால், கேரளத்தின் தட்டேக்காடு போன்ற இடங்களில் நீர்த்தொட்டி அமைத்து, துணி மறைப்புக்குள் ஆட்களை உட்கார வைத்துப் படமெடுக்க விடுகிறார்கள். பணம் வாங்கும் ஏற்பாடுதான். இரை போட்டுப் பழக்குவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் அங்கே மனிதன் உட்கார்ந்திருக்கிறான், பறவை தன் விருப்பத்தில் வருகிறது. துரத்திச் சென்று ஃபிளாஷ் அடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆறுமணிக்குருவி ஐப்பசியில் வந்து பங்குனிவரை இருக்கும். தோட்டத்து மூலையில் சருகைக் கூட்டாமல் விட்டு, ஒரு தட்டில் நீர் வைத்தால் வீட்டு ஜன்னலே மறைவிடமாகிவிடலாம்.

என் தீர்ப்பு இது. பகலில், தள்ளி நின்று, குறைந்த வலிமையில், இரை தேடும் பறவைமீது ஓரிரு முறை ஃபிளாஷ் அடிப்பதில் குற்றமில்லை, பெரும்பாலும் தேவையுமில்லை. இரவில், ஆய்வுக்கோ கணக்கெடுப்புக்கோ வைக்கும் ஆளில்லாக் கேமரா மட்டும் போதும். அதிலும் அகச்சிவப்பு ஒளியில் அடையாளம் தெரியுமானால் வெள்ளை ஃபிளாஷைத் தவிர்க்கலாம். டார்ச்சால் திகைக்க வைத்து, நெருங்கி, வரிசையாக மின்ன விடுவது வேட்டைதான், பறவை சாகவில்லை என்பது தவிர. கூட்டில் எந்த ஒளியும் கூடாது.

ஒரு வேண்டுகோள், படப்போட்டி நடத்தும் சங்கங்களுக்கும் பறவைப் படம் வெளியிடும் இதழ்களுக்கும். லென்ஸ், ஷட்டர், ஐஎஸ்ஓ விவரங்களைக் கேட்டு வாங்கி அச்சிடுகிறீர்கள். அதோடு எவ்வளவு தூரத்திலிருந்து, இரவா பகலா, ஃபிளாஷ் உண்டா, கூடு அருகில் இருந்ததா என்ற நான்கையும் கேளுங்கள். பதில் வராத படத்தைத் திருப்பி அனுப்புங்கள். பரிசு இல்லையென்று தெரிந்தால் முந்திரித் தோப்புக்குள் இரவில் டார்ச்சோடு நுழையும் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும்.